கூப்பிடும் முன்னே ஒரு தடவை

ராஜபாளையம்
24.10.99, ஞாயிறு

அன்புத் தம்பி சோலைராஜுக்கு, அக்கா மாடத்தி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். நீயும் வெள்ளத்தாயும் சிங்கப்பூரில் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சிரித்துவிட்டு மேலே படி. நீ அனுப்பிய பாட்டுப்பெட்டி ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. மறுநாள் அரிவாள்மனை, கத்தரிக்கோல், தையல் மிஷின், அத்தையின் பாக்குவெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். புதிதாக வீட்டுக்கு வந்ததை மட்டும் விட்டுவிட்டால் அது என்ன நினைக்கும்? அதற்கும் வைக்கலாம் என்று எடுத்தேன். தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது, நெற்றி எது, முதுகு எது என்று தெரியவில்லை. உச்சியில் வட்டமாக ஒரு குழி இருந்தது. பொட்டு வைக்கவே செய்திருக்கிறான் வெள்ளைக்காரன் என்று நினைத்து, அதில் சந்தனத்தை விரலால் நன்றாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். அது காது ஒயரைச் செருகுகிற ஓட்டை என்று பூஜை முடிந்து ஒயரைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது.

அத்தையிடம் சொன்னேன். "விடு, அது பேசாமலே கெடக்கட்டும்" என்றார்கள். அவர்களைத்தான் உனக்குத் தெரியுமே. நீ இந்தப் பெட்டியில் ஏற்றுவதற்காக நான் கொடுத்தனுப்பிய உன் மச்சானுடைய கேசட்டை, அது இங்கே இருந்தபோது நான் எப்போது போட்டாலும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்கள். பெற்ற மகன் குரலைக் கேட்க மாட்டேன் என்கிற தாய் ராஜபாளையத்தில் இவர்கள் ஒருத்திதான். நானும் காரணம் கேட்டதில்லை. கேட்டால் சொல்கிற வாயா அது?

இங்கே டேப் ரிப்பேர் கடைக்காரன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள டேப்பே இல்லையேக்கா, என்னத்த நான் ரிப்பேர் பண்ண?" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடிப் பக்கம் ஆராவமுதன் என்று ஒரு ஐயங்கார்ப் பையன் ரேடியோக் கடை வைத்திருக்கிறார். பையன் என்றால் உன் வயசு இருக்கும், உன்னைவிட முடி அதிகம். காலையில் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் நின்று, பிரசாதத்தை வாங்கித் தின்றுவிட்டு, அந்த ஏப்பத்தோடுதான் கடை திறப்பார். நெற்றியில் நாமம், கையில் ஈயம் பற்றவைக்கிற கம்பி. ஓட்டைக்குள் பார்த்தவர், "ஏம்மா, பெட்டிக்கும் சந்தனக் காப்பு சாத்தியிருக்கேளா?" என்றார். "ஒங்க நெத்தி நாமத்தவிடப் பெரிசா சாமி? பேசாம நோண்டி எடுங்க" என்றேன்.

ஊசியால் நோண்டி, பஞ்சால் துடைத்து எடுத்தார். நீ அனுப்பிய காகிதத்தில் எம்பி த்ரீ, பிட் ரேட், கம்ப்ரெஸ் என்று கோழி கிளறின மாதிரி எழுதியிருந்தாயே, அதையும் காட்டி, இதெல்லாம் என்ன வியாதி என்று கேட்டேன். அவருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். இந்தப் பெட்டிக்குள் சுற்றுகிற சாமான் எதுவுமே இல்லையாம். குரலை நொடிக்கு நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அளந்து, அளந்ததை நம்பராக எழுதி வைத்திருக்கிறதாம். அதற்கு சாம்ப்ளிங் என்று பேராம். எங்கள் கம்பெனியில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்து வந்ததும், பூதக்கண்ணாடியை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று நான் எண்ணுகிறேன் அல்லவா, அது மாதிரியா என்றேன். அதே மாதிரிதான் என்றார். இழை நெருக்கமாக இருந்தால் துணி கெட்டி. இடைவெளி விட்டால் புண்ணில் வைக்கிற காஸ் துணி, சல்லடை.

பிட் ரேட் என்பது ஒவ்வொரு நொடிக்கும் எவ்வளவு நூல் செலவழிக்கிறோம் என்கிற கணக்கு, அப்படித்தானே? நூற்றிருபத்தெட்டு என்றால் கெட்டித் துணி, முப்பத்திரண்டு என்றால் காஸ். பெட்டியில் இடம் கொஞ்சம் என்பதால் பாட்டுக்கு நூற்றிருபத்தெட்டும் பேச்சுக்கு முப்பத்திரண்டும் வைத்ததாக எழுதியிருக்கிறாய். ஏலே, சினிமாப் பாட்டுக்குக் கெட்டித் துணி, உன் மச்சானுக்குக் காஸ் துணியா? நன்றாக இருக்கிறதடா உன் மரியாதை.

கம்ப்ரெஸ் என்றால் பஞ்சுப் பொதியை அமுக்கிக் கட்டுகிற மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆராவமுதன் அது மட்டும் இல்லை என்றார். கொட்டு மேளம் அடிக்கும்போது பக்கத்தில் ஒருத்தி வளையலைக் குலுக்கினால் நம் காதுக்கு எட்டாது. எட்டாததை எதற்கு வீணாகச் சுமப்பது என்று இந்த எம்பி த்ரீ மேளத்தை வைத்துக்கொண்டு வளையலைக் கழற்றிவிடும் என்றார். "வளையலைக் கழத்துற வேலை மிஷினுக்கும் வந்துருச்சா சாமி?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, பஞ்சை எடுத்து ஏற்கனவே துடைத்த ஓட்டையையே மறுபடி துடைத்தார். பாவம், நல்ல பிள்ளை.

பிறகு பெட்டியை முடுக்கினார். அந்தச் சின்னக் கண்ணாடியில் இங்கிலீஷ் எழுத்து எறும்புச்சாரை மாதிரி ஊர்ந்து போனது. அதை அவர் சத்தமாகப் படித்தார். "சங்கிலிப்பாண்டி." தம்பி, நான் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. அத்தையும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக யாரும் உரக்கக் கூப்பிடாத பேரை, தேரடியில், பஸ் ஹாரன் நடுவில், ஒரு அந்நிய மனிதர் கூப்பிட்டார். நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதே.

ஒயரைக் காதில் வைத்தேன். குரல் பளிச்சென்று இருக்கிறது. கேசட்டில் எப்போதும் இருக்கும் அந்த மழை இரைச்சல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. நீ செய்தது பெரிய காரியம். அதில் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று காணவில்லை.

அது எது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அப்போது நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய், பாதிதான் தெரியும். எண்பத்தேழில் பனி சரிந்துவிட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்று பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. படத்தை வைத்துச் சடங்கு செய்தோம். பதினாறாம் நாள், பந்தலுக்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, தளவாய்புரத்து மிலிட்டரிக்காரர் ஒருவர் பெட்டியோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றார். பனி விழும் முன்பே லீவில் கிளம்பியவர், வழியில் சொந்தக்காரர் வீடு எல்லாம் தங்கி வந்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. "சங்கிலி குடுத்துவிட்டான், வீட்ல போட்டுக் கேக்கச் சொன்னான்" என்று கேசட்டை நீட்டிவிட்டுத்தான் பந்தலைப் பார்த்தார். யாரோ ரேடியோ செட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். செத்தவர் பேசினார்.

அந்தக் கேசட்டில் முதலில் கொஞ்சம் வெறும் இரைச்சல். அதற்குள்ளே, ரொம்ப மெதுவாக, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிடுகிற மாதிரி, "மாடத்தி" என்று ஒரு தடவை கேட்கும். ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம். அப்புறம்தான் நன்றாக, உரக்க, "மாடத்தி" என்று ஆரம்பிப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் "ம்" என்பேன். எப்போது கேட்டாலும் அப்படித்தான். அவர் இருந்தபோதும் அப்படித்தான். மெதுவாக ஒரு தடவை கூப்பிடுவார், நான் "ம்" என்ற பிறகுதான் சேதி வரும்.

உன் பெட்டியில் அந்த முதல் கூப்பாடு இல்லை. எடுத்த எடுப்பில் உரக்கக் கூப்பிடுகிறார், ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி. என் "ம்" எங்கே போய் உட்காரும்?

கேசட் இனித் தேவையில்லை, தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டிருக்கிறாய். செத்த பொறுடா தம்பி. அந்த வளையலை நீ கழற்றினாயா, மிஷின் கழற்றியதா என்று பார்த்து எழுது. அதுவரை அதை யார் கையிலும் கொடுக்காதே.

வெள்ளத்தாயிடம், உன்னை இன்னும் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொன்னேன் என்று சொல்.

அக்கா மாடத்தி


ராஜபாளையம்
19.12.99, ஞாயிறு

அன்புத் தம்பி சோலைராஜுக்கு,

உன் பதில் வந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. இங்கே மார்கழி பிறந்துவிட்டது. விடியுமுன்னே ஒலிபெருக்கி கட்டி எல்லாரையும் எழுப்பிவிடுகிறார்கள். அத்தைக்கு மட்டும் அது கேட்காது, நான் அடுப்படியில் முணுமுணுப்பது மட்டும் கேட்கும்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். டேப்பில் குரல் என்பது காந்தம். டேப்பைச் சுற்றி வைத்தால் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஒட்டிக் கிடக்கும். உரக்கப் பேசிய இடத்தின் காந்தம், தன்மேல் ஒட்டிக் கிடக்கிற வெறும் சுற்றிலும் லேசாக ஏறிவிடும். அதனால்தான் பேசும் முன்பே ஒரு நிழல் குரல் கேட்கிறது. சாயம் போகிற சேலையை ஈரத்தோடு மடித்து வைத்தால் முந்தானைக் கறை அடுத்த மடிப்பில் ஏறுமே, அந்தக் கதைதான். அதற்குப் பிரிண்ட் த்ரூ என்று பேர் போட்டிருக்கிறாய். அது கேசட்டின் குறை, மச்சான் இல்லை அக்கா, காந்தம்தான் கூப்பிட்டது என்று எழுதியிருக்கிறாய். இரைச்சலை எடுக்கும்போது அதையும் குப்பை என்று நினைத்து முன்பக்கத்தை வெட்டிவிட்டேன், மன்னித்துவிடு என்றும் எழுதியிருக்கிறாய்.

மன்னிக்க என்ன இருக்கிறது? நீ வெட்டாவிட்டாலும் மிஷினே அதைக் கழற்றியிருக்குமோ என்னவோ, உனக்கே தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம். ஒட்டிக் கிடந்தால் ஏறும் என்கிறாய். நானும் அவரும் ஒரே கூரையில் கிடந்த நாளையெல்லாம் கூட்டினால் லீவு நாள் மட்டும்தான் வரும். அதற்கே எனக்கு இம்புட்டுக் கறை ஏறியிருக்கிறது. கேசட்டுக்குள் வருஷக்கணக்காக ஒட்டிக் கிடந்த டேப்பைக் குறை சொல்லி என்ன செய்ய?

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அதுதான் வினையாகிப் போனது. வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர்கள் காந்தம் என்ற இடத்தில் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். "அது கெடந்து கெடந்து ஏறுன கறைன்னா எழுதியிருக்கான்?" என்றார்கள். ஆமாம் என்றேன். "அப்ப அன்னைக்கு எப்பிடிட்டி?" என்றார்கள். எனக்கு விளங்கவில்லை.

"பதினாறாம் நாளு பந்தல்ல. மொத மொதப் போட்டாக. செட்டுக்குள்ள இருந்து வெறும் காத்துதான் வந்துச்சு. நீ தலையத் தூக்கி 'ம்'ன்ன. பொறவுதான் அவன் ஒன்னயக் கூப்புட்டான். பந்தல்ல இருந்த அம்புட்டு சனமும் ஒன் மூஞ்சியப் பாத்துச்சு. புதுக் கேசட்டுட்டி அது. அதுல எந்தக் கறை ஏற நேரம் இருந்துச்சு?"

தம்பி, அன்றைக்கு நான் எதைச் செய்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அப்புறம் நான் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள், அது மட்டும் தெரியும்.

அவர்கள் அதோடு விடவில்லை. நான் கேட்காமலே சொன்னார்கள். "பெத்தவ நான் முன்னால ஒக்காந்திருக்கேன். எனக்குக் கேக்கல. ஒனக்குக் கேட்டுச்சு. அவன் மொதல்ல ஒன்னயத்தான் ரகசியமாக் கூப்புட்டான். அதுக்குப் பொறவு அந்தக் கேசட்டு முன்னால ஒக்கார எனக்கு என்ன இருக்கு?"

பன்னிரண்டு வருஷம், தம்பி. நான் கேசட்டைப் போட்டதும் கொல்லைக்கு எழுந்து போனது அதனால்தான். துக்கம் தாங்காமல் போகிறார்கள் என்று நினைத்து நான் சத்தத்தைக் குறைத்து வைப்பேன். அது அவர்களுக்கு இன்னும் ரகசியமாகப் பட்டிருக்கும்.

ஆராவமுதனிடம் போய்க் கேட்டேன். புது டேப்பில் ஏறுமா சாமி என்றேன். ஏறினாலும் ஏறும், சில டேப்பில் சுற்றி வைத்த கொஞ்ச நாளிலேயே லேசாக ஏறிவிடும் என்றார். அவ்வளவு லேசான சத்தம் பந்தல் கூட்டத்தில் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று அவரே திருப்பிக் கேட்டார். பிறகு அவரே, "பெருமாளுக்குத்தான் வெளிச்சம், நான் ரேடியோ மெக்கானிக்தான்" என்றார். அதற்கு மேல் நானும் தோண்டவில்லை. பகலிலேயே சில நேரம் கம்பெனியில் இழை எண்ணும்போது தோள் பக்கம் யாரோ மூச்சு இழுப்பது மாதிரி இருக்கிறது. இழை தப்பிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். பக்கத்தில் இருக்கிறவள், "என்னக்கா, கண்ணு மங்கிருச்சா?" என்கிறாள். "ஒன் அழகு கண்ணக் கூசுது" என்று சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் அத்தையைப் பிடித்து உட்கார வைத்து, உன் பெட்டியின் ஒயரை அவர்கள் காதில் வைத்தேன். இதில் அந்த ரகசியக் கூப்பாடு இல்லை அத்தை, உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்றேன். முதலில் தட்டிவிட்டார்கள். பிறகு ஒரு காதில் மட்டும் என்றார்கள். நான் எதிரில் உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. நெற்றியைச் சுருக்கினார்கள்.

"புள்ளைக்குச் சளி கட்டியிருக்கு" என்றார்கள்.

நான் நம்பவில்லை. வாங்கிக் கேட்டேன். உண்மைதான். "நான் நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்று அவர் சொல்கிற இடத்தில் நெஞ்சு கரகரக்கிறது. வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குகிறார். கேசட் இரைச்சலில் அது எனக்குக் கேட்டதே இல்லை. நல்லா இருக்கேன் என்றதை மட்டும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். நீ இரைச்சலைத் துடைத்ததால்தான் வெளியே வந்தது. எனக்குக் கேட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்களுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. "இஞ்சி தட்டிப் போட்டுக் குடுக்க அங்க யாரு இருந்தா?" என்று அத்தை இரண்டு நாளாக என்னைத்தான் திட்டுகிறார்கள், நான்தான் அவரைப் பனியில் நிறுத்திய மாதிரி.

அதிலிருந்து பெட்டி அவர்கள் கையை விட்டு இறங்கவில்லை. பென்சில் செல் தீர்ந்தால் குழந்தை மாதிரி அடம். சினிமாப் பாட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நான் பொத்தானை அமுக்கி மறுபடி மகனிடம் கொண்டுபோய் விட வேண்டும்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். தையில் வீடு மாறப் போகிறோம், சாமானைக் கழிக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறது, வெட்டாமல் கொள்ளாமல் முழு இழையோடு திரும்ப ஏற்றித் தருகிறேன், ஏற்றுமுன் முன்னும் பின்னும் நாலு தடவை ஓட்டினால் அந்த நிழல் குரலும் பெரும்பாலும் போய்விடும், பிறகு கேசட்டை எறிந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். உன் நல்ல மனசுக்கு எழுதியது. ஆனால் தம்பி, ஓட்டாதே. ஒரு தடவைகூட ஓட்டாதே. எப்படிச் சுற்றிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கட்டும். ஸ்பீக்கர் பக்கம் வைக்காதே. பார்சலில் போடாதே, எக்ஸ்ரே மிஷினில் விடுவார்களாம். பொங்கலுக்கு ஊர் வருகிற நல்ல ஆளாகப் பார்த்து, மடியில் வைத்துக் கொண்டுவரச் சொல். பூஞ்சை பிடித்தால் பிடிக்கட்டும். எனக்கும்தான் நரைத்துவிட்டது.

அது காந்தமாகவே இருக்கட்டும். நீ படித்தவன், பொய் சொல்ல மாட்டாய். நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இந்த உலகத்தில் என்னை மெதுவாகக் கூப்பிடுகிற சத்தம் அது ஒன்றுதான். அத்தைக்குப் பெட்டி போதும். எனக்குக் கேசட் வேண்டும். என்றைக்கும் உன்னிடம் வாய்விட்டு எதுவும் கேட்காதவள் கேட்கிறேன்.

நீயும் வெள்ளத்தாயும் ஒரே கூரையில் ஒட்டிக் கிடந்து, ஒருத்தர் குரல் ஒருத்தர்மேல் ஏறும் அளவுக்கு நெடுங்காலம் இருக்க வேண்டும். அவள் மெதுவாகக் கூப்பிட்டாலும் நீ "ம்" என்று சொல். இரண்டாம் தடவை கூப்பிட விடாதே.

அன்புடன்
அக்கா மாடத்தி

பி.கு. இதை மடித்து உறையில் போடும் நேரத்தில் அத்தை ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். கேசட்டின் கடைசியில் உன் மச்சான், "தென்னம்பிள்ளைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு" என்பார். அந்தத் தென்னம்பிள்ளை பட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மெத்தை காயப் போட்டிருந்தார்கள். அத்தை மகன் சொன்ன இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இலவம்பஞ்சு மெத்தை. காய நாளாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சொன்னார்கள்.